பாசியைப் பட்டினி போடுங்கள்!

மீன்தொட்டி வைத்திருக்கும் மாணவர்கள் எல்லோரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. ஞாயிறன்று கண்ணாடியைத் தேய்த்துக் கழுவி, புதுநீர் நிரப்புகிறோம். இரண்டே வாரத்தில் மீண்டும் பச்சை படர்கிறது; செடிகளில் நூல்நூலாகப் பாசி தொங்குகிறது. சில சமயம், கழுவிய சில நாட்களில் மீன்களும் செத்து மிதக்கின்றன. ஏன் இப்படி?

பாசி அழுக்கு அன்று. அது ஓர் உயிர். வேர், தண்டு, இலை என்ற பாகுபாடு அதற்கு இல்லை. ஆனால் செடியைப் போலவே ஒளிச்சேர்க்கை செய்து உணவு தயாரிக்கிறது. அதற்கு ஒளியும், கரியமில வாயுவும், நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலிய சத்துகளும் தேவை. இவற்றை ஊட்டி வளர்ப்பவர் யார்? நாம்தான்! மீன் தின்னாமல் விட்ட தீனி அழுகுகிறது. அதிலிருந்தும் மீனின் கழிவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. கூழாங்கற்களில் வாழும் பாக்டீரியாக்கள் இந்த நச்சுப்பொருளை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிக்கும் உரம், பாசிக்கும் உரம்.

கற்களையெல்லாம் தேய்த்துக் கழுவினால் இந்தப் பாக்டீரியாக்கள் அழிகின்றன, அம்மோனியா தேங்குகிறது. புதிய குழாய்நீரில் உள்ள குளோரினும் சேர்ந்துகொண்டால், மீன்களின் கதி என்ன ஆகும்?

இங்கிலாந்து நாட்டு வேதியியல் அறிஞர் ராபர்ட் வாரிங்டன், ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ச்செடியையும் வளர்த்தார். முதிர்ந்த இலைகள் அழுகவே, நீர் கலங்கிற்று. கண்ணாடியில் பச்சை படர்ந்தது. குளத்து நத்தைகள் சிலவற்றை அதில் விட்டார். அவை அழுகலையும் பாசியையும் தின்றன, நீர் தெளிந்தது. மீன், செடி, நத்தை மூன்றும் ஒன்றுக்கொன்று துணை என்பதை 1850-இல் அவர் வெளியிட்டார்.

ஆனால் நத்தை மட்டும் போதாது. அதன் கழிவும் உரமே அல்லவா? எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. தொட்டியில் நேர்வெயில் படக்கூடாது. விளக்கு நாளைக்கு 8 மணி நேரம் எரிந்தால் போதும்.

2. இரண்டு மூன்று நிமிடங்களில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவே தீனி இடுங்கள்.

3. ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா போன்ற விரைந்து வளரும் செடிகளை நெருக்கமாக நடுங்கள். பாசிக்குப் போகும் சத்தை அவை முந்திக்கொள்ளும். பழுத்த இலைகளை உடனே கிள்ளி எடுத்துவிடுங்கள்.

4. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றுங்கள்.

செய்து பாருங்கள்: மூன்று கண்ணாடிக் குப்பிகளில் மீன்தொட்டி நீரை நிரப்புங்கள். முதல் குப்பியில் ஹைட்ரில்லாவின் சில கொத்துகளை இடுங்கள்; மற்ற இரண்டில் செடி வேண்டாம். முதல் இரண்டையும் ஜன்னல் ஓரத்திலும், மூன்றாவதை இருட்டு அலமாரியிலும் வையுங்கள். மூன்று வாரம் கவனியுங்கள். எது முதலில் பச்சையாகிறது? காரணம் என்ன? உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.