காயுறது வேற, க்யூர் ஆகுறது வேற: மரப் பாலிஷ் வார்த்தைகள், போடியில இருந்து போடிமெட்டு வரைக்கும்

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு வார்த்தையில இருந்து தொடங்குது: க்யூரிங்.

போடிநாயக்கனூர்ல இந்த வார்த்தையைச் சொன்னா ஏலக்காய்தான் ஞாபகத்துக்கு வரும். செடியில இருந்து பறிச்ச பச்சைக் காயில கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணி. அதைச் சூடான அறையில, 50 டிகிரியை ஒட்டி வெச்சு, 10 சதவீதம் அளவுக்குக் கொண்டு வரணும். அதுக்குப் பேர் க்யூரிங். அப்புறம்தான் காய் ஏலத்துக்கு வரும். ஆக, ஏலக்காய்க்காரங்களுக்கு க்யூரிங்னா உலர்த்துறது.

அதே ஊர்ல ஒரு பெயின்ட் கடைக்குள்ள போனா அர்த்தம் மாறிடும். அங்க 'காயுறது' வேற, 'க்யூர் ஆகுறது' வேற. இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சாலே பாலிஷ் உலகத்து வார்த்தைகள்ல பாதி புரிஞ்சிடும். தாத்தா வீட்டுத் தேக்குக் கதவையோ, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின மேசையையோ புதுசாக்கப் போறீங்கன்னா, இது காசு விஷயம் மட்டும் இல்ல. தப்பான டப்பாவைப் போட்டுட்டா மறுபடி சுரண்டி எடுக்கணும். அப்போ மரத்தோட மேல் பரப்பும் சேர்ந்து போகும். பல வருஷமா ஏறின நிறம் திரும்பி வராது.

எல்லாமே 'பாலிஷ்' தானா?

நம்ம ஊர்ல மரத்து மேல எதைப் பூசினாலும் பாலிஷ்னுதான் சொல்றோம். உண்மையில அதுல தனித்தனி வேலைகள் இருக்கு.

முதல்ல உப்புத்தாள். அதுல இருக்கிற நம்பர் கூடக்கூட தாள் நைஸா இருக்கும். 120ல ஆரம்பிச்சு, 180, 220னு போவாங்க. எப்பவும் மர ரேகை ஓடுற திசையில தேய்க்கணும். குறுக்கே தேய்ச்சா அந்தக் கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் பளிச்சுனு தெரியும்.

அடுத்து பட்டி. ஆணி ஓட்டை, வெடிப்பு அடைக்க. அப்புறம் ஸ்டெயின். இது நிறம் மட்டும்தான் குடுக்கும், பாதுகாப்பு எதுவும் குடுக்காது. அதுக்கு மேல சீலர். மரத்தோட நுண்துளைகளை அடைச்சு, அடுத்த கோட்டை மரம் உறிஞ்சாம பார்த்துக்கும். கடைசியா டாப் கோட். மேட்டா கிளாஸியாங்கிறது இந்தக் கடைசிக் கோட்டோட பளபளப்பு பத்தின கேள்வி மட்டும்தான். கிளாஸின்னா அதிகமா உழைக்கும்னு அர்த்தம் இல்ல.

காயுற வகை

ஸ்பிரிட் பாலிஷ், என்.சி. லேக்கர் ரெண்டும் காயுற வகை. ஸ்பிரிட்டோ தின்னரோ ஆவியாகிப் போகும், கரைஞ்சிருந்த பிசின் மரத்து மேல படலமா நிக்கும். அவ்வளவுதான், வேற ரசாயன மாற்றம் பெருசா இல்ல. அதனால அதே திரவத்தை மறுபடி ஊத்தினா படலம் மறுபடி கரையும்.

ஸ்பிரிட் பாலிஷ்ல கரைஞ்சிருக்கிறது அரக்கு. மகாபாரதத்துல அரக்கு மாளிகைனு வருதே, அதே அரக்கு. மரக்கிளைல வாழுற ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின் இது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம்தான் விளைச்சல் அதிகம். இதை ஆராயுறதுக்குன்னே 1924ல ராஞ்சியில ஒரு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. பாகவதர் காலத்து 78 ஆர்.பி.எம். இசைத்தட்டுகளைச் சேர்த்துப் பிடிச்சு வெச்சதும் இந்த அரக்குதான்.

அரக்குல ஒரு நல்லது, ஒரு கெட்டது. கீறல் விழுந்தா அந்த இடத்துல மட்டும் மறுபடி பூசலாம், புதுக் கோட் பழசோட கரைஞ்சு ஒண்ணாயிடும். ஆனா சுடு காபி டம்ளரை வெச்சா வெள்ளை வளையம் விழும்.

க்யூர் ஆகுற வகை

வார்னிஷ், மெலமைன், டூ-கே பி.யூ. இதெல்லாம் க்யூர் ஆகுற வகை. இங்க திரவம் ஆவியாகுறதோட கதை முடியாது. உள்ள இருக்கிற மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து வலை மாதிரி ஆகும். எண்ணெய் வார்னிஷ் காத்துல இருக்கிற ஆக்ஸிஜனை எடுத்து இறுகும். டூ-கேங்கிறது ரெண்டு டப்பா: ஒண்ணு பிசின், இன்னொண்ணு ஹார்ட்னர். கலந்ததும் வேலை தொடங்கிடும், குறிப்பிட்ட நேரத்துக்குள்ள அடிச்சு முடிக்கணும்.

தொட்டா ஒட்டலைன்னா காய்ஞ்சுடுச்சுனு அர்த்தம், க்யூர் ஆயிடுச்சுனு அர்த்தம் இல்ல. முழுசா இறுக பல நாள் ஆகலாம். மறுநாளே மேசை மேல கண்ணாடியையும் மிக்ஸியையும் ஏத்திட்டா தடம் பதியும்.

மலை ஏறினா என்ன ஆகும்?

இதுக்குத்தான் போடியை எடுத்துக்கிட்டேன். போடி டவுன் சுமார் 350 மீட்டர் உயரத்துல, மலையோட மழை மறைவுப் பக்கத்துல இருக்கு. வெயிலும் வறண்ட காத்தும். கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு போனா 1,300 மீட்டரைத் தாண்டிடுவீங்க. அங்க இருந்து பூப்பாறை பக்கம் இறங்கினா ஏலத்தோட்டம், ஜூன்ல இருந்து தென்மேற்குப் பருவமழை, பனிமூட்டம்.

கீழே மதியம் அழகா வர்ற என்.சி. லேக்கரை மேல மூட்டத்துல ஸ்ப்ரே பண்ணினா வெள்ளையா மங்கும். காரணம்: தின்னர் வேகமா ஆவியாகுறப்ப மரப் பரப்பு குளிர்ந்து போகுது. காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு படலத்துக்குள்ள மாட்டிக்குது. பொருள் போலி இல்ல, நாள்தான் சரியில்ல. மழை விட்டு காத்து காயுற வரைக்கும் காத்திருக்கணும், இல்ல மெதுவா ஆவியாகுற தின்னரைக் கலக்கணும். டூ-கே பி.யூ.வுக்கும் ஈரம் ஆகாது. ஹார்ட்னர் தண்ணியோட வினைபுரிஞ்சா கார்பன் டை ஆக்ஸைடு வரும், படலத்துல குமிழ் தெரியும்.

இன்னொரு விஷயம், மரம் ஈரத்தைக் குடிச்சா அகலவாக்குல வீங்கும், விட்டா சுருங்கும். நீளவாக்குல அசைவு ரொம்பக் கம்மி. எந்தக் கோட்டும் இதை நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மலை வீட்டுல இருந்த அலமாரியைச் சமவெளிக்குக் கொண்டு வந்தா பலகை சுருங்கி, இணைப்புல பாலிஷ் வெடிக்கிறது இதனாலதான். கதவுக்கு முன்பக்கம் பின்பக்கம் மட்டும் பூசாம, மேல் விளிம்பு, அடி விளிம்பும் சேர்த்துப் பூசச் சொல்லுங்க. அடியில வெறுமையா விட்டா அந்த வழியா ஈரம் ஏறும்.

வெளிக்கதவுக்கு 'எக்ஸ்டீரியர்'னு போட்டதைத்தான் வாங்கணும். மெலமைன் வீட்டுக்குள்ள போடுறதுக்கானது. வெயில் மழையில வெடிச்சு உரியும்.

பழைய பாலிஷ் என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில பஞ்சுல ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வைங்க. பிசுபிசுப்பா இளகினா அரக்கு. இளகலைன்னா என்.சி. தின்னர் ஒரு சொட்டு. அதுல கரைஞ்சா லேக்கர். ரெண்டுக்கும் அசையலைன்னா க்யூர் ஆன வகைன்னு எடுத்துக்கலாம். அரக்குன்னா முழுசா சுரண்ட வேண்டிய அவசியமே இல்லாம இருக்கலாம். துடைச்சு, மேல ரெண்டு கோட் போட்டாலே போதும். பாட்டி காலத்துப் பொருள் காப்பாத்தப்படுறதும் கெடுறதும் பல நேரம் இந்த ஒரு சொட்டுலதான்.

மூச்சு, நெருப்பு

டூ-கே பி.யூ. ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு. ஸ்ப்ரே பண்றப்ப மூச்சுல போனா ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை வந்தா அப்புறம் கொஞ்சம் பட்டாலே திரும்ப வரும். துணி மாஸ்க் இதைத் தடுக்காது. அடிக்கிறவருக்கு ஏத்த மாஸ்க்குக்கான காசையும் கூலியோட சேர்த்துப் பேசுங்க. ஆளிவிதை எண்ணெய் நனைஞ்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. எண்ணெய் இறுகுறப்ப சூடு வரும், குவியல்ல அந்தச் சூடு தேங்கி தானாவே தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க, இல்ல தண்ணியில முக்கி வைங்க.

அடுத்த தடவை பாலிஷ்காரர்கிட்ட "நல்ல பாலிஷா போடுங்கண்ணே"னு சொல்லாம இதைக் கேளுங்க: "அண்ணே, இது காயுற வகையா, க்யூர் ஆகுற வகையா? ஒன்-கேவா டூ-கேவா? சீலர் எத்தனை கோட், டாப் எத்தனை கோட்? எத்தனை நாள் கழிச்சுப் பொருள் ஏத்தலாம்?" வேலை தெரிஞ்சவர் சந்தோஷமா பதில் சொல்லுவார், கொட்டேஷனும் தெளிவா வரும்.