வேப்பம்பிசினுக்கு மண்ணெண்ணெய் எதற்கு?

ஆனையூர் வாசகர் ஒருவர் வேப்பமரத்தில் வலைத்தொட்டில் கட்டிப் படுத்தாராம். கயிறெல்லாம் பிசின். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை என்று எழுதியிருக்கிறார். போகாது. வேம்பு, கருவேலம், முருங்கை இவற்றில் வடியும் பிசின் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோத்துக்கொண்ட பொருள்; எண்ணெய்க்கு மசியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, இளகியதும் கத்தி முதுகால் வழித்தால் வந்துவிடும். சானிடைசர் போட்டால் இன்னும் இறுகும்.

கொடைக்கானல் பைன் மரத்தடியில் ஒட்டுவது வேறு. அது குங்கிலியத்துக்கு உறவு, தண்ணீருக்கு அசையாது. அங்கே சானிடைசர் கேட்கும், டர்பன்டைனும் கேட்கும். டர்பன்டைனே பைன் மரத்தில் வடிவதைக் காய்ச்சி எடுப்பதுதானே! பலாப்பாலுக்கு எண்ணெய் என்பதை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் ஒரு துணுக்கைத் தணலில் போடுங்கள். குங்கிலிய வகை உருகி மணக்கும். பிசின் உருகாமல் கருகும்.

என் மனம் நிற்பது பாதாம் பிசினில்தான். தண்ணீரிலும் முழுதாய்க் கரையாது. கல் மாதிரி இருக்கும் நாலு துணுக்கை இரவு ஊறவைத்தால் காலையில் கிண்ணம் நிறையக் கண்ணாடிக் கூழ். சங்கிலிகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஜிகர்தண்டாவில் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போவது, எங்கோ ஒரு மரம் தன் காயத்துக்குப் போட்ட கட்டு.

காயம் என்பது அலங்காரமில்லை. நம் தோலைப்போல வெட்டுப்பட்ட இடத்தை மரம் புதுப்பித்துக்கொள்வதில்லை. சுற்றிச் சுவரெழுப்பி அடைத்துவிடுகிறது. பிசின் அந்த அடைப்பு வேலையில் சேர்த்தி. முருங்கையில் வெள்ளையாகக் கசிந்தால் புதுக்காயம், செம்பழுப்பானால் பழையது.

கயிறு நழுவாமலிருக்க ஆணி அடித்ததாகவும் வாசகர் எழுதியிருக்கிறார். பிசின் வந்த வழி அதுவாகவே இருக்கும். அவரை மட்டும் சொல்லி என்ன? டியூஷன் பலகையும் மனை விற்பனைப் பலகையும் ஆணியில் தொங்காத சாலையோர வேம்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நிழலில் வண்டியை நிறுத்துகிறவர்களும் அந்த ஆணியைக் கண்டுகொள்வதில்லை.

ஆணி இல்லாவிட்டாலும் கயிறே காயப்படுத்தும். இலைகள் தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையை ஒட்டித்தான். மெல்லிய நைலான் கயிற்றில் ஓர் ஆள் எடை ஆடினால் பட்டை அறுபடும். களத்துமேட்டுப் பெண்கள் பிள்ளைக்குத் தூளி கட்டுவது பழைய நூல்சேலையில். அந்த அகலம்தான் சூட்சுமம். ஆள் படுக்கும் தொட்டிலைக் கட்ட அகலமான நாடா வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சாக்கை நாலாய் மடித்துக் கயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவில் கொடுங்கள். படுத்து எழுந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.