துணியில் தைத்த பேறுகாலம்

பிரசவம் பார்க்கக் கற்பதில் பெரிய சிக்கல், எல்லாமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பதுதான். தலை வருகிறதா, கால் வருகிறதா என்பதைக் கையால் தடவித்தான் அறிய வேண்டும். அந்தக் கையை எங்கே பழக்குவது? வலியில் துடிக்கும் தாயின் உடலிலா?

18-ஆம் நூற்றாண்டு பிரான்சின் கிராமங்களில் அப்படித்தான் நடந்தது. தாயோ பிள்ளையோ சாவது அரிதல்ல. பாரிஸில் முறையாகத் தொழில் பயின்ற மருத்துவச்சி ஆஞ்செலிக் து கூத்ரே, ஓவெர்ன் பகுதிக்குப் போய் இந்த நிலையைப் பார்த்தார். அங்கே பிரசவம் பார்த்த பெண்களில் பலருக்கு எழுத்து தெரியாது. அவர்களுக்காக அவர் துணி, தோல், பஞ்சு கொண்டு ஒரு பெண்ணின் அடிவயிற்றையும் இடுப்பையும் தொடைகளையும் ஆளளவுக்குத் தைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘எந்திரம்’.

உள்ளே நாடாக்களும் வார்களும் ஓடின. அவற்றை இழுத்தால் பிறப்புவாய் சுருக்குப்பையின் வாயைப் போல இறுகும், தளர்த்தினால் விரியும். தொப்புள்கொடியும் நஞ்சுக்கொடியும் உண்டு. இரட்டைப் பிள்ளைகளும் உண்டு. பின்னால் செய்தவற்றில், பனிக்குட நீரும் ரத்தமும் உரிய நேரத்தில் கசியும்படி திரவங்களில் ஊறிய பஞ்சுகளையும் வைத்தார்.

என்னை அசரவைப்பது அந்தத் துணிக் குழந்தையின் வாய். அது திறந்திருக்கும், நாக்கும் உண்டு, இரண்டு விரல் நுழையும். அழகுக்காகச் செய்ததல்ல அது. கால் முன்னே வரும் பிரசவத்தில் உடல் வெளியே வந்து தலை மட்டும் சிக்கிக்கொண்டால், குழந்தையின் வாய்க்குள் விரலிட்டு முகவாயை நெஞ்சோடு குனியவைப்பார்கள். குனிந்த தலைக்குக் கொஞ்சம் இடம் போதும். உயிர் பிழைப்பது அந்தச் சின்ன அசைவில். மாணவிகள் அதை வெறும் துணியில் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கலாம்; தவறினாலும் யாரும் சாவதில்லை.

ஏறக்குறைய இதே காலத்தில் இத்தாலியின் பொலோன்யாவில் காலி என்ற மருத்துவர் களிமண் உருவங்களையும் கண்ணாடிக் கருப்பையையும் வைத்துக் கற்பித்தார். மாணவர்களின் கண்ணைக் கட்டிவிட்டுப் பிரசவம் பார்க்கச் சொல்வார். கையை நம்பப் பழக அதைவிட நேரான வழி தெரியவில்லை.

1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயி, நாடெங்கும் கற்பிக்க து கூத்ரேவுக்கு ஆணை தந்தார். அரசுக்குக் கவலை மக்கள்தொகை குறைகிறதே என்பது. து கூத்ரேவுக்குக் கவலை அந்தத் தாய்மார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் எந்திரத்தோடு ஊர் ஊராகப் போனார். ஆயிரக்கணக்கான பெண்கள் அவரிடம் பயின்றார்கள். தான் கிளம்பிய பிறகும் பாடம் தொடர வேண்டுமென்று ஊர்களில் எந்திரங்களை விட்டுச் சென்றார்.

அவற்றில் எஞ்சியதாகத் தெரிவது ஒன்றே. அது ரூவான் நகரில், எழுத்தாளர் ஃப்ளோபேர் பிறந்த வீட்டிலுள்ள மருத்துவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை எக்ஸ்-ரே எடுத்தபோது, இளஞ்சிவப்புத் துணிக்குள் உண்மையான ஓர் இளம்பெண்ணின் இடுப்பெலும்பு தெரிந்தது. குழந்தை கடந்து வரும் எலும்பு வாசலின் அளவு மட்டும் பஞ்சில் பிசகிவிடக் கூடாது என்று து கூத்ரே நினைத்திருக்க வேண்டும்.