கட்டையும் பெட்டியும்

துப்பாக்கியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோரும் குழலைப் பற்றியே விசாரிப்பார்கள். எவ்வளவு தூரம் சுடும், குண்டு எவ்வளவு கனம் என்று கேட்பார்கள். தோளில் தாங்குகிற குந்தாவைப் பற்றியும், அதன் வயிற்றடியில் தொங்கும் தோட்டாப் பெட்டியைப் பற்றியும் கேட்பவர் அரிது. ஆயினும் நம் தேசம் அந்நியர் கையில் பட்ட பாட்டில் ஓர் அத்தியாயம் அந்த மரக்கட்டையிலும் இரும்புப் பெட்டியிலுந்தான் எழுதப்பட்டிருக்கிறது.

1857-ஆம் வருஷத்துப் போராட்டத்தை அடக்கிய பிறகு ஆங்கில சர்க்கார் ஒரு தந்திரம் செய்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்குக் குழலினுள் திருகுபுரி வெட்டிய என்பீல்டு ரைபிள். இந்தியச் சிப்பாய்க்கோ அதே உருவமும் அதே கட்டையும் கொண்ட, ஆனால் உள்ளே புரியே இல்லாத மஸ்கெட். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பிதான். ஆனால் புரியில்லாத குழலிலிருந்து கிளம்பும் குண்டு சுழலாது. சுழலாத குண்டு நூறு கஜம் தாண்டினால் தன் இஷ்டப்படி போகும். அப்பால் 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 1930-இல் காந்திஜி இர்வின் பிரபுவிடம் வைத்த பதினொரு கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் தரவேண்டும் என்பதும் ஒன்று. அஹிம்சையின் அவதாரம் ஏன் இதைக் கேட்டார் என்று திகைப்பவர்கள், காட்டோரத்தில் ஒரு ராத்திரி காவல் இருந்து பார்க்கலாம்.

காட்டோரம் என்றேன், தருமபுரி ஜில்லாவை நினைத்துத்தான் சொன்னேன். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் வரையில் நீளும் மலைக்காடுகளை, கென்னத் ஆண்டர்சனின் வேட்டைக் கதைகளைப் படித்தவர்கள் அறிவார்கள். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர்; நெம்புகோலை இழுத்துத் தோட்டாவை ஏற்றும் 1895-ஆம் வருஷத்து மாதிரி. அந்தக் காட்டோரத்துக் குடியானவனுக்கு வாய்த்ததோ குழல்வாயில் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிதான். பயிர்க் காவலுக்கு அதற்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமே சொல்கிறது. ஒரு வெடிக்குப் பின் மறுவெடிக்கு மருந்து, குண்டு, கந்தை எல்லாம் வரிசையாகத் திணித்தாக வேண்டும். யானை அதுவரை காத்திருக்குமா?

இந்தக் கஷ்டத்துக்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. தாழ்ப்பாளைப் போல் முன்னும் பின்னும் தள்ளும் போல்ட்டுக்கு நேர் கீழே, வில் வைத்த ஒரு பெட்டியைச் சொருகும் முறைக்கு 1879-இல் பேடண்டு பெற்றார். அதிலிருந்து பிறந்ததே பத்துத் தோட்டா கொள்ளும் லீ என்பீல்டு ரைபிள். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள ஈஷாப்பூர்த் தொழிற்சாலையில் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இது உருவாகத் தொடங்கியது.

இங்கும் பழைய சந்தேகம் விடவில்லை. இந்தியப் போலீஸாருக்கென்று இதே .303 ரைபிளை எடுத்து, குழலைக் குடைந்து .410 மஸ்கெட்டாக்கினார்கள். பத்துத் தோட்டாப் பெட்டிக்குள் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்துவிட்டார்கள்! போலீஸ்காரர் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடவேண்டியதுதான். பெட்டி இருக்கிறது, ஆனால் இல்லை. இதைவிடச் சிக்கனமாக அவநம்பிக்கையைக் காட்ட முடியுமா?

மேம்பாடு நம் கையால் நடந்தது 1962-ஆம் வருஷத்துச் சீன யுத்தத்துக்குப் பிறகு. ஈஷாப்பூர்க்காரர்கள் பழைய ரைபிளின் உருவத்தை வைத்துக்கொண்டே, வலுவான எஃகில் உடலைச் செய்து, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றார்கள். 2ஏ, 2ஏ1 என்று அவற்றுக்குப் பெயர். பெட்டி சதுரமாகி, பன்னிரண்டு தோட்டா கொண்டது. இதில் ஒரு நுட்பம் உண்டு. .303 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு இருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் அமர்ந்துவிட்டால், போல்ட் தள்ளும்போது இரண்டும் கொக்கி போட்டுக்கொண்டு நகராது. நிரப்புகிறவன் கை பழகியிருக்க வேண்டும். புதுத் தோட்டாவில் நீட்டிய விளிம்பு இல்லை, தொல்லையும் போயிற்று.

சாமான்ய ஜனங்களுக்கு வந்தது .315 ரைபிள். ராணுவத் தோட்டா பிரஜைகளுக்குக் கூடாது என்ற பழைய விதியினால்தான் இந்த விசித்திர அளவு. உடல் லீ என்பீல்டின் வம்சம்; தோட்டா ஆஸ்திரிய மான்லிக்கரின் வம்சம்; பெட்டியில் ஐந்து தோட்டா. விளிம்புள்ள தோட்டாவாதலால் மேலே சொன்ன ஜாக்கிரதை இதற்கும் வேண்டும். பெட்டியின் மேல் உதடுகள் சிறிது வளைந்தாலும் தோட்டா மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றுவிடும். குறை ரைபிளில் என்று பலர் நினைப்பதுண்டு. முதலில் பெட்டியை மாற்றிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

குந்தாவின் கதை இன்னும் ருசிகரமானது. மரம் ஈரத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். ஊதிய முன்கட்டை குழலை ஒரு பக்கமாக நெருக்கினால், நேற்று நெற்றிப்பொட்டில் பட்ட குண்டு இன்று காதோரம் போகும். லீ என்பீல்டின் கட்டை இரண்டு துண்டு. பின்துண்டை நீண்ட திருகாணி ஒன்று உடலோடு இறுக்கிப் பிடிக்கிறது. அது தளர்ந்தால் குறி தவறும். பெட்டிக்கு முன்னால் முன்கட்டை பிளந்துவிடுவதைக் கண்ட ஈஷாப்பூர்க் கைவினைஞர்கள் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்தினார்கள். இன்றும் அவர்கள் செய்த ரைபிளை அடையாளம் காட்டுவது அந்தத் திருகாணிதான். பின்கட்டையை நாலு நீளங்களில் செய்ததும் உண்டு. குட்டையான சிப்பாய்க்கும் நெட்டையான சிப்பாய்க்கும் ஒரே சட்டை பொருந்தாதல்லவா?

மலிவான ரைபிளைச் சீர்திருத்த விரும்புகிறவர்கள் இந்நாளில் செய்வதும் இதன் தொடர்ச்சிதான். குழல் மரத்தைத் தொடாதபடி இடைவெளி விடுகிறார்கள். உடல் அமரும் இடத்தைப் பிசின் வார்த்து இறுக்குகிறார்கள். தூரதிருஷ்டிக் கண்ணாடி பொருத்தினால் கன்னம் படும் மேட்டை உயர்த்துகிறார்கள். ஆனால் வீட்டில் உளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதும் மாற்றியமைப்பதும் லைசென்ஸ் பெற்ற தொழிலாளிக்கே உரியவை. குழலைக் குறுக்குவதற்குத் தனி அனுமதி வேண்டும். 2019-ஆம் வருஷத் திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது.

வேட்டை என்ற பேச்சுக்கே 1972-ஆம் வருஷத்து வன விலங்குச் சட்டத்துக்குப் பிறகு இடமில்லை. ஆண்டர்சன் அலைந்த காடுகளிலும் ஒரு பகுதி 2022-இல் காவிரி தெற்கு சரணாலயமாகிவிட்டது. ஆகவே தருமபுரியில் லைசென்ஸோடு ரைபிள் வைத்திருப்பவருக்கு அது வருஷத்தில் பல நாள் அலமாரியில்தான் இருக்கும். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும். திரும்பி வந்ததும் பார்க்க வேண்டியவை மூன்று: பின்கட்டைத் திருகாணி இறுக்கமாக இருக்கிறதா, பெட்டியின் வில் சோர்ந்துவிட்டதா, முன்கட்டை குழலை நெருக்குகிறதா. சித்திரை வெயிலுக்கு முன் கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியால் தேய்த்து, ஒரு நாள் ஆறவிட்டு, மறுபடி தேய்ப்பது நலம். எண்ணெய் இரும்பின் உள்ளே ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.