டப்பாவைத் தந்தது யார்?

லண்டன் கிங்ஸ்பரி ஸ்டேஷனில் ஜூபிலி லைன் ரயிலில் ஏறினால், எங்கும் மாறாமல் ஸ்ட்ராட்ஃபோர்டில் போய் இறங்கலாம். அடுத்த நிலையம் வெம்பிளி பார்க், வண்டி நின்றுவிடும் கடைசி இடம் ஒலிம்பிக் பூங்கா. 2012 கோடையில் எங்கள் தெருவே அந்த ரயிலில்தான் போய் வந்துகொண்டிருந்தது. டிக்கெட் கிடைக்காத நான் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு, பெண்கள் 1500 மீட்டர் இறுதி ஓட்டம். துருக்கியின் அஸ்லி சகிர் அல்ப்தெகின் 4 நிமிடம் 10.23 விநாடியில் முதலாவதாக வந்தார். அவருக்குப் பின்னால் அதே நாட்டின் கம்ஸே புலுத். பத்தாவதாக வந்த பிரிட்டிஷ் வீராங்கனை லிசா டோப்ரிஸ்கி, மூச்சு வாங்கிக்கொண்டே பிபிசியிடம் பேசும்போது, சமமான களத்தில் ஓடியதாகத் தனக்குத் தோன்றவில்லை என்றார். தோற்ற பிள்ளையின் ஆற்றாமை என்று அன்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்றைக்கும் மனம் வருந்துகிறது.

ஏனென்றால் அந்த ஓட்டம் அன்றிரவு முடியவில்லை, 12 ஆண்டுகள் ஓடியது. முதலிடம், இரண்டாமிடம், நான்காமிடம், ஏழாமிடம், ஒன்பதாமிடம் என முதல் ஒன்பது பேரில் ஐந்து பேர் ஊக்கமருந்துக் குற்றத்தால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கடைசியாக, 2024இல், ரஷ்யாவின் தத்யானா தோமஷோவா. மூன்றாவதாக வந்த பஹ்ரைனின் மர்யம் யூசுப் ஜமால் தங்கத்துக்கு உயர்ந்தார். ஆறாவதாக வந்த அமெரிக்காவின் ஷனன் ரோபரி வெண்கலத்துக்கு வந்தார். டோப்ரிஸ்கி ஐந்தாவது. காகிதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் 80,000 பேர் எழுந்து நிற்க, தன் கொடி மேலே ஏறுவதைப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்தை ரோபரிக்கு எந்த நடுவர் மன்றம் திருப்பித் தரும்?

இவ்வளவு காலம் கழித்து எப்படிப் பிடிபட்டார்கள்? லண்டன் போட்டிகளின் மாதிரிகளை கிங்ஸ் கல்லூரி விஞ்ஞானிகள் எசெக்ஸிலுள்ள ஹார்லோவில் நடத்திய ஆய்வகத்தில் அப்போதே சோதித்தார்கள். பிறகு அவை உறைநிலையில் பாதுகாக்கப்பட்டன. ஸ்டீராய்டு உடலில் சிதைந்தபின் வெகுநாள் தங்கும் மிச்சங்களைக் கண்டுபிடிக்கும் முறைகள் பின்னர் வந்தன. பழைய குப்பிகளை எடுத்து மறுபடி சோதித்ததில் லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து மட்டும் 73 விதிமீறல்கள் வெளிவந்தன, 31 பதக்கங்கள் பறிக்கப்பட்டன. அல்ப்தெகினைக் காட்டிக் கொடுத்தது இன்னொரு வழி. ஒரு வீரரின் இரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் பதிந்து, இயல்புக்கு மாறான ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும் ‘உயிரியல் கடவுச்சீட்டு’ அது.

சோதனை நடக்கும் விதத்தை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், நம் வீடுகளில் பலருக்கு அது தெரிவதில்லை. ஓடி முடித்தவரிடம் ஓர் அலுவலர் வந்து அறிவித்தபின் அவரைக் கண்ணைவிட்டு அகலவிட மாட்டார்கள். வீரரே ஒரு பெட்டியைத் தெரிந்தெடுக்க வேண்டும். சிறுநீர் கழிக்கும்போது அதே பாலினத்து அலுவலர் ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். குறைந்தது 90 மில்லிலிட்டர். அது ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு குப்பிகளில் பிரித்து மூடப்படும். மூடியபின் உடைக்காமல் திறக்க முடியாது. ஆய்வகத்துக்குப் போவது எண் மட்டுமே, பெயர் போகாது. ‘ஏ’ குப்பியில் தடைசெய்த பொருள் தெரிந்தால், வீரர் கேட்கும் பட்சத்தில் ‘பி’ குப்பி திறக்கப்படும். மேல்மட்ட வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். 12 மாதத்தில் மூன்று தடவை அதில் தவறினால், எந்த மருந்தும் எடுக்காமலே குற்றவாளி ஆகிவிடலாம்.

ஒரு பொருள் மாதிரியில் தெரிந்தது என்பதும் குற்றம் நிரூபணமானது என்பதும் ஒன்றல்ல. நோய்க்காக அனுமதி பெற்று மருந்து எடுப்பவரின் மாதிரியிலும் அது தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டே இந்தியாவின் கணக்கைப் பார்க்க வேண்டும். தடைசெய்த பொருள் தெரிந்தவை 2023இல் 5,606 மாதிரிகளில் 213, 2024இல் 7,113 மாதிரிகளில் 260. அந்த ஆண்டுகளில் அதிகம் சோதித்த நாடுகளில் இவ்வளவு உயர்ந்த விகிதம் வேறு எங்கும் இல்லை. இப்படிப்பட்ட எண்களுக்குள் முன்பே எங்கள் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள்.

திருச்சிக்குப் பக்கத்து முடிகண்டம் கிராமத்து கோமதி மாரிமுத்துவை 2019 ஏப்ரலில் கிங்ஸ்பரியில் பேசாத தமிழர் இல்லை. தோஹாவில் ஆசிய தடகளப் போட்டி, 800 மீட்டர், 2 நிமிடம் 2.70 விநாடி, தங்கம். தகப்பனை இழந்தவள், பயிற்சியாளரையும் இழந்தவள், பேருந்து பிடித்துப் பயிற்சிக்குப் போனவள் என்று அந்தக் காணொளிகளை ஒருவருக்கொருவர் அனுப்பினோம். கட்சிகளும் நடிகர்களும் பணம் கொடுத்தார்கள். ஒரு மாதம் ஆகவில்லை, நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் பெயர் வந்து சேர்ந்தது.

என்னைத் தூங்கவிடாதது அந்தக் கால வரிசைதான். மார்ச் 18ஆம் தேதியே பாட்டியாலாவில், கூட்டமைப்புக் கோப்பைப் போட்டியில் அவரிடம் மாதிரி எடுக்கப்பட்டிருந்தது. அதில் ஸ்டீராய்டு இருந்தது. அந்த முடிவு உரிய நேரத்தில் தடகளச் சம்மேளனத்துக்குத் தெரிந்திருந்தால் அவரை தோஹாவுக்கு அனுப்பியே இருக்க மாட்டார்கள். முடிவு தாமதித்தது. அந்த இடைவெளியில் ஒரு நாடு அவரைத் தோளில் தூக்கியது, பிறகு அதே நாடு கீழே போட்டது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று கோமதி சொன்னார். விசாரணைக் குழு ஏற்கவில்லை. 2020இல் தீர்ப்பு வந்தது: நான்கு ஆண்டு தடை, மார்ச் 18 முதல் மே 17 வரையிலான முடிவுகள் எல்லாம் ரத்து. தங்கம் சீனாவின் வாங் சுன்யுவுக்குப் போனது. அவர் பின்னர் டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் ஐந்தாவதாக வந்த வீராங்கனை. தோஹாவில் அவருக்கு உரிய மேடையை நாம் கொண்டாடிய ஓட்டம் பறித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தோஹாவுக்கு மூன்று ஆண்டு கழித்து, பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது, அதே திருச்சிச் சீமையின் தனலட்சுமி சேகர் இந்திய அணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் ஓடுவதைப் பார்க்க மோட்டார்வேயில் இரண்டு மணி நேரம் போக இருந்தோம். அவருக்கும் ஸ்டீராய்டு, அவருக்கும் தடை.

விதி சொல்வது இதுதான்: உன் உடம்புக்குள் இருப்பதற்கு நீயே பொறுப்பு. எப்படி வந்தது என்பது தண்டனையின் அளவைக் குறைக்கலாம், ஆனால் முடிவு ரத்தாவதைத் தடுக்காது. இந்த விதி கடுமையானது, ஆனாலும் நான் அதற்கு எதிரானவன் இல்லை. ரோபரிக்கும் வாங் சுன்யுவுக்கும் வேறு பாதுகாப்பு கிடையாது. என் வழக்கு வேறு. விதி உடம்பில் தொடங்கி உடம்பிலேயே முடிந்துவிடுகிறது. அந்த உடம்புக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்த கை எது என்ற கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே கோப்பு மூடப்படுகிறது.

2011இல் அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர், சினி ஜோஸ் முதலிய ஆறு இந்திய ஓட்டக்காரிகள் பிடிபட்டார்கள். 2010இல் டெல்லியிலும் குவாங்சோவிலும் தொடர் ஓட்டத் தங்கம் வென்றவர்கள் அவர்களில் இருந்தார்கள். சீனாவில் வாங்கிய ஜின்செங் மாத்திரையைப் பயிற்சியாளர் யூரி ஒகரோட்னிக் தந்ததாகச் சொன்னார்கள். அவர் வேலை போனது. பெண்களுக்கு முதலில் ஓராண்டு தடை, பிறகு விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டாக்கியது. என் வீட்டிலிருந்து ஒரே ரயிலில் போய்ச் சேரக்கூடிய அந்த லண்டன் மைதானத்துக்கு அவர்கள் வரவே இல்லை.

கிராமத்துப் பெண்களுக்குத்தான் இப்படி, லண்டன் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்க வேண்டாம். வட லண்டன் என்ஃபீல்டில் பிறந்த சி.ஜே. ஊஜா, டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தின் முதல் கால். இத்தாலி 37.50, பிரிட்டன் 37.51. நூறில் ஒரு விநாடியில் தங்கம் போய் வெள்ளி கிடைத்தது. சில மாதங்களில் அந்த வெள்ளியும் போனது. ஊஜாவின் மாதிரியில் ஓஸ்டரின், எஸ்-23 என்ற இரண்டு தசை வளர்ப்புப் பொருட்கள் இருந்தன. இணையத்தில் 10 பவுண்டுக்கு வாங்கிய சத்து மாவில் அவை கலந்திருந்தன என்றும், அவர் வேண்டுமென்று எடுக்கவில்லை என்றும் விசாரித்தவர்களே ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் 22 மாதம் தடை. கூட ஓடிய ஜார்னல் ஹியூஸ், ரிச்சர்ட் கில்டி, நெத்தனீல் மிட்செல்-பிளேக் மூவரும் ஒன்றும் செய்யாமலே பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தேசிய அணியும் அதன் மருத்துவரும் கூட இருக்கும் ஒருவருக்கே இந்த நிலை.

எங்கள் கிங்ஸ்பரி ரோட்டில் முருங்கைக்காயும் இடியப்ப மாவும் விற்கும் கடைகளைத் தாண்டினால், பெடியன்கள் தோள்பையோடு ஜிம்முக்குப் போவதை மாலையில் பார்க்கலாம். போதைக்கும் கத்திக்கும் பயந்த பெற்றோருக்கு, பிள்ளை ஜிம்முக்குப் போவது பெரிய நிம்மதி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. சென்ற மாதம், மூன்று வீடு தள்ளியிருக்கும் ஒரு தாய் ஒரு கறுப்பு டப்பாவோடு வாசலில் நின்றார்.

“அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ. இவன் விடியக்காலமை இதைக் குடிச்சிட்டு நித்திரையே கொள்ளிறான் இல்லை.”

மகனுக்கு 17 வயது, 400 மீட்டர் நன்றாக ஓடுவான். பின்னாலேயே வந்தான். “அங்கிள், இது சும்மா ப்ரீ-வொர்க்கவுட். எல்லாரும் குடிக்கினம்.”

“எங்கை வாங்கினது?”

“வாங்கேல்லை. ஜிம்மில ஒரு அண்ணா தந்தவர்.”

அந்த அண்ணாவை எனக்குத் தெரியாது. கெட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை, தனக்கு யாரோ தந்ததைத் தம்பிக்குத் தந்திருப்பார். ஆனால் 2012 லண்டன் மராத்தானில், முடிவுக் கோட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு மைல் இருக்கையில் 30 வயதுப் பெண் ஒருவர் விழுந்து இறந்தார். அவர் குடித்திருந்தது இப்படியொரு பொடி கலந்த தண்ணீர். அதிலிருந்த டிஎம்ஏஏ என்ற ஊக்கி, கடும் உழைப்போடு சேர்ந்து இதயத்தை நிறுத்தியிருக்கலாம் என்று மரண விசாரணை சொன்னது. அதே ஆண்டு இந்நாட்டில் அது தடை செய்யப்பட்டது. அதுவரை கடைத் தட்டில் எல்லோரும் எடுக்கக்கூடியதாகத்தான் இருந்தது. அதே பொருளுக்காகத்தான் லண்டன் குத்துச்சண்டை வீரர் டிலியன் வைட் இரண்டு ஆண்டு தடை வாங்கினார்.

“நாட்டு மருந்து என்றால் பயமில்லை தானே?” என்று அந்தத் தாய் கேட்டார். நம்மவர்கள் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை அது. 2011 உலகக் கோப்பையில் இலங்கைத் துடுப்பாட்டக்காரர் உபுல் தரங்க தோள் வலிக்காக எடுத்தது மூலிகை மருந்துதான். அதற்குள் ஸ்டீராய்டு இருந்தது. மூன்று மாதம் தடை.

இந்நாட்டுச் சட்டத்தில் ஸ்டீராய்டைத் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது குற்றமில்லை. விற்பதும், சும்மா கொடுப்பதும் குற்றம், 14 ஆண்டு வரை சிறை. விளையாட்டு விதிகளிலும் கொடுத்தவருக்கு வாழ்நாள் தடை வரை உண்டு. ஆனால் அந்தத் தடை ஒரு சங்கத்தில், ஓர் அணியில் பதிவானவரைத்தான் தொடும். ஜிம்மில் நிற்கும் ஒருவருக்கு எந்தச் சம்மேளனமும் கடிதம் அனுப்ப முடியாது. சோதனை உச்சி வீரர்களோடு நிற்பதும் இல்லை. வார இறுதியில் மட்டும் விளையாடும் ரக்பிக்காரர்கள் பலர் பிரிட்டனின் தடைப் பட்டியலில் இருக்கிறார்கள்.

அன்று அந்தப் பையனோடு மேசையில் உட்கார்ந்து டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பரிசோதித்த சத்துப் பொருட்களில் ‘இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்’ என்ற முத்திரை இருக்கும். அடியில் அச்சிட்ட தொகுப்பு எண்ணை அவர்கள் தளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். முத்திரை இருந்தாலும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் இல்லை, ஆபத்து குறையும், அவ்வளவுதான். இந்த டப்பாவில் முத்திரையும் இல்லை, தொகுப்பு எண்ணும் இல்லை. பையன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்த அண்ணாட்டைக் கேட்கட்டோ, அவருக்கு ஆர் தந்ததெண்டு?” என்றான்.

கேட்கச் சொன்னேன். கோபப்படாமல் கேள் என்றும், அவரும் குடிக்கிறார் என்றால் அவருக்கும் இந்த மராத்தான் கதையைச் சொல் என்றும் சொன்னேன். கோடையில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டுப் போட்டி வருகிறது. முதல் ஓட்டத்துக்கு முன் பத்து நிமிடம் தரும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன், ஒத்துக்கொண்டார். அழைப்பிதழில் ஒரு வரியும் சேர்க்கிறோம்: வீட்டில் பிள்ளைகள் குடிக்கும் டப்பா எதுவானாலும் எடுத்து வாருங்கள். மேசை போட்டு வைத்திருப்போம், அடியிலுள்ள எண்ணைச் சேர்ந்து பார்ப்போம், யார் தந்தது என்றும் கேட்போம்.