வடக்கு நோக்கி – 9: தோளில் ஏறும் படகு

டுலூத் நகரிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் ஈலி வருகிறது. மினசோட்டா மாநிலத்தின் வட ஓரத்தில், ஷகாவா ஏரிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். மக்கள் மூவாயிரத்துச் சொச்சம். ஊரைத் தாண்டியதும் சாலைகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் போய் முடிந்துவிடுகின்றன. அதற்கப்பால் கனடா எல்லைவரை பவுண்டரி வாட்டர்ஸ் வனம்தான்: பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் காடு, அதற்குள் ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். பெரும்பாலானவற்றில் மோட்டார் படகுக்கு இடமில்லை. கேனூ எனும் ஒல்லியான துடுப்புப் படகில்தான் போக வேண்டும்.

அனுமதிச் சீட்டு வாங்கும்போதே விதிகளைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு குழுவில் 9 பேர், 4 படகு. அதற்கு மேல் கூடாது. உணவோ பானமோ தகர டப்பாவிலும் கண்ணாடி பாட்டிலிலும் கொண்டுபோகக் கூடாது. கோடைக் காலத்தில் ஒவ்வொரு நுழைவிடத்திலும் ஒரு நாளைக்கு இத்தனை குழுதான் என்று கணக்கு உண்டு.

ஓர் ஏரி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை இடையில் காட்டுப் பாதை. அதைப் போர்ட்டேஜ் என்கிறார்கள். ஒஜிப்வே மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடங்கள். பிறகு மென்மயிர்த் தோல் வணிகர்களின் ஆட்களும் இவற்றில் சுமை தூக்கினார்கள். வரைபடத்தில் தூரத்தை இன்னும் ‘ராட்’ கணக்கில்தான் போடுகிறார்கள். ஒரு ராட் 16.5 அடி, ஏறத்தாழ ஒரு கேனூவின் நீளம்.

படகைக் கவிழ்த்துத் தலைக்கு மேலே தூக்கி, நடுவில் உள்ள குறுக்குச் சட்டம் இரண்டு தோளிலும் பதியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். கெவ்லார் படகு 20 கிலோ இருக்கும். அலுமினியப் படகு என்றால் இன்னும் கனம். முன்முனையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தாலும் கண்ணுக்குத் தெரிவது எதிரே சில அடிப் பாதையும் அதில் துருத்தி நிற்கும் வேர்களும்தான். இரண்டு கையும் படகின் விளிம்பில் இருப்பதால் கழுத்தில் உட்கார்ந்த கொசுவை அடிக்க முடியாது. படகை இறக்கி வைத்த பிறகு, மூட்டைகளுக்காக வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும்.

இந்தச் சுமைதான் இந்த ஏரிகளைக் காக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு போர்ட்டேஜைத் தாண்டும்போதும் ஆள் நடமாட்டம் குறைகிறது. மூன்றாவது ஏரியில் எங்களைத் தவிர ஒரு லூன் பறவை மட்டுமே இருந்தது.

ஆனால் சுமை மட்டும் போதவில்லை. 1940களில் மிதவை விமானங்கள் மீன்பிடிக்க வந்தவர்களை ஈலியிலிருந்து நேரே உள்காட்டு விடுதிகளுக்குக் கொண்டுபோய் இறக்கின. 1949இல் அதிபர் ட்ரூமன் இந்தக் காட்டின் மேல் 4,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கத் தடை போட்டார். அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர் ஈலியில் ஆசிரியராக இருந்த எழுத்தாளர் சிகர்ட் ஓல்சன். 1977இல் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சட்டம் பற்றிய விசாரணை ஈலியில் நடந்தபோது, சொந்த ஊர்க்காரர்களே அவருடைய உருவபொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள்.

அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஊருக்குச் சோறு போட்டது இரும்புச் சுரங்கம். கடைசிச் சுரங்கம் 1967இல் மூடப்பட்டது. மிச்சமிருந்த பிழைப்பிலும் கை வைக்கிறார்களே என்று பதறினார்கள். இருந்தும் நான் ஓல்சன் பக்கம்தான். போன பிழைப்புக்கு மாற்று தேடலாம். இரைச்சல் புகுந்த ஏரியிலிருந்து அதை விரட்டுவது அரிது. சட்டம் 1978இல் நிறைவேறியது. ஓல்சன் ஊரைவிட்டுப் போகவில்லை. 1982 ஜனவரியில், வீட்டருகே பனிக்காலணி கட்டி நடந்துகொண்டிருந்தபோது இறந்தார்.

விமானத் தடை டோரதி மோல்ட்டரையும் விடவில்லை. செவிலியர் படிப்பு படித்த அவர், நைஃப் ஏரியின் தீவில் தனியாக வாழ்ந்தவர். விமானத்தில் வந்துகொண்டிருந்த சோடா நின்றுபோனதும், மிஞ்சிய காலி பாட்டில்களில் ஏரித் தண்ணீரைக் கொண்டு போதையில்லாத ரூட் பீர் தயாரித்து வைத்தார். கேனூவில் களைத்து வந்தவர்களுக்கெல்லாம் அதுதான் உபசாரம். பொதுமக்கள் எழுப்பிய குரலால், ஆயுள் முடியும்வரை அங்கேயே இருக்க அரசு அவரை அனுமதித்தது. 1986இல் அவர் இறந்த பின், அவருடைய மரக்குடில்களைப் பிரித்து, உறைந்த ஏரிகளின் மேல் ஈலிக்கு இழுத்து வந்தார்கள். இன்று அவை அருங்காட்சியகம். அங்கே ரூட் பீரும் விற்கிறார்கள்.

(தொடரும்)