கம்பெனியின் பணம் உங்கள் பணம் அல்ல

‘பிரைவேட் லிமிடெட்’ என்று பலகை மாட்டிவிட்டால் தொழில் நொடித்தாலும் வீடு தப்பும் என்பது புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பலரின் நம்பிக்கை. அது பாதிதான் சரி. பார்ட்னர்ஷிப்பில் தொழில் கடனுக்கு ஒவ்வொரு பங்காளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. 1932-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது. கம்பெனியிலோ பங்குக்குக் கட்ட வேண்டிய தொகையோடு பங்குதாரரின் பொறுப்பு முடிகிறது. ஆனால், இந்தச் சலுகை ‘கம்பெனி வேறு, முதலாளி வேறு’ என்ற ஒரே கொள்கையில் நிற்கிறது. லாபம் வரும்போது அதை மறந்துவிட்டு, நஷ்டத்தில் மட்டும் நினைவுபடுத்தினால் சட்டம் ஒப்புக்கொள்ளாது.

லண்டன் பூட்ஸ் வியாபாரி ஆரன் சாலமன் 1892-இல் தன் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்கு விற்றார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மிச்சம் ஆறும் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கொன்று. ஏழு பேர் வேண்டும் என்ற அன்றைய விதிக்காகச் சேர்த்த தலைகள் என்பது யாருக்கும் புரியும். கம்பெனி மூழ்கியதும் அதன் கடனை அவர் தலையில் கட்டக் கீழ் நீதிமன்றங்கள் தயாராக இருந்தன. முறையாகப் பதிவான கம்பெனி தனி நபர், அதன் கடன் சாலமனின் கடன் அல்ல என்று 1896-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இதே கொள்கை 1925-இல் வேறொருவரைக் கவிழ்த்தது. வட அயர்லாந்தைச் சேர்ந்த மகௌரா தன் மரங்களைத் தன் கம்பெனிக்கு விற்றார். தீ இன்ஷூரன்ஸை மட்டும் தன் பெயரிலேயே எடுத்தார். மரங்கள் எரிந்தன, இழப்பீடு கிடைக்கவில்லை. எரிந்தது கம்பெனியின் மரம், அவருடையது அல்லவே! பங்குதாரருக்குக் கம்பெனியின் சொத்தில் நேரடி உரிமை இல்லை என்று நம் உச்ச நீதிமன்றமும் 1954-இல், தேயிலைக் கம்பெனி டிவிடெண்ட் பற்றிய ஒரு வரி வழக்கில் சொல்லிவிட்டது.

எல்லாப் பங்கும் என் குடும்பத்திடம், பிறகு யாரிடம் கணக்குக் காட்டுவது என்று கேட்கலாம். கடன் கொடுத்தவர்களிடம்தான். அவர்கள் நம்பியது கம்பெனியின் கையிருப்பை. மகள் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கம்பெனியின் கரண்ட் அக்கவுண்ட்டிலிருந்து போகிறது என்று வையுங்கள். புத்தகத்தில் அது இயக்குநர் வாங்கிய கடனாக ஏறும். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு அப்படிப்பட்ட கடனைப் பொதுவாகத் தடுக்கிறது. சில பிரைவேட் கம்பெனிகளுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. வருமான வரித் துறை அதை டிவிடெண்டாகவே கருதி வரி கேட்க வாய்ப்பிருக்கிறது. கம்பெனியைக் கலைக்கும்போது, கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவே தொழில் நடந்தது என்று தெரியவந்தால், கம்பெனிச் சட்டத்தின் 339-ஆம் பிரிவின்படி, தெரிந்தே அதில் பங்கெடுத்தவர்கள் மேல் வரம்பே இல்லாத பொறுப்பு தனிப்பட்ட முறையில் விழும்.

இத்தனை கட்டுப்பாடு சிறு கடைக்குத் தேவையா என்ற கேள்வி நியாயமானது. விற்பனை எவ்வளவு குறைந்தாலும் கம்பெனிக்கு ஆடிட் கட்டாயம். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர் ஐந்தாண்டுக்குத் தகுதி இழப்பார். பங்காளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள பார்ட்னர்ஷிப்பான எல்எல்பி-யில் விற்பனை 40 லட்சம் ரூபாயையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால்தான் ஆடிட். கடன் அதிகம் வாங்காத தொழிலுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பேங்க் எப்படியும் இயக்குநரிடம் சொந்த ஜாமீன் வாங்கிவிடுகிறதே, பிறகு லிமிடெட் எதற்கு? உண்மைதான். ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு ஜாமீன்தாரரையும் கடன் வாங்கியவருக்குச் சமமாக நிறுத்துகிறது. திவால் சட்டத்தில் கம்பெனிக்குத் தீர்வுத் திட்டம் ஒப்புதலானாலும் ஜாமீன்தாரர் தானாக விடுபடுவதில்லை என்று 2021-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் அந்தக் கையெழுத்து அந்த பேங்குக்கு மட்டுமே. சரக்கு கொடுத்தவர், கட்டட உரிமையாளர், நஷ்டஈடு கேட்கும் வாடிக்கையாளர் எல்லோரும் பொதுவாகக் கம்பெனியின் வாசலில்தான் நிற்க வேண்டும். ஆகவே ஜாமீன் பத்திரத்தில் தொகைக்கு உச்சவரம்பு கேட்டுப் பாருங்கள். இயக்குநர் பதவியை விட்டாலும் ஜாமீன் கூடவே போய்விடாது. தொடர் ஜாமீனாக இருந்தால், இனி வரும் கடன்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தச் சட்டத்தின் 130-ஆம் பிரிவின்படி பேங்குக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம். ராஜினாமா கடிதம் எழுதும் அன்றைக்கே அதையும் எழுதிவிடுவது நல்லது.